ஊட்டி ராஜ்பவன்: தங்கும் பங்களாவா, ஆட்சி நடந்த இடமா?

ஊட்டிக்குச் சுற்றுலா வந்துபோன ஒருவர் கேட்டிருக்கிறார்: தாவரவியல் பூங்காவை ஒட்டி ஒரு ராஜ்பவன் இருக்கிறதே, கிண்டியில் அவ்வளவு பெரிய மாளிகை இருக்கும்போது மலைமேல் எதற்கு இன்னொன்று, வெள்ளைக்காரன் காலத்தில் கவர்னர் இங்கிருந்துதான் ஆட்சி செய்தார் என்று கார் டிரைவர் சொன்னாரே அது நிஜமா, இல்லை வெயிலுக்குப் பயந்து ஏறிவந்து தங்கிய பங்களாதானா என்று. கடைசியில் ஒரு துணைக்கேள்வி: இப்போது ஆளுநர் அங்கே உட்கார்ந்து கையெழுத்துப் போட்டால் அது செல்லுமா?

கட்டடத்தைப் பற்றிக் கேட்டிருந்தாலும் அவருக்குத் தெரியவேண்டியது பதவியைப் பற்றித்தான் என்று எனக்குப் படுகிறது. அதாவது, கவர்னரின் அதிகாரம் எங்கே இருந்தது, அது எப்போது கைமாறியது என்பது. நீலகிரியில் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லிக்கொடுத்தே காலம் போனவன் நான். சட்டம் படித்தவன் இல்லை. அதனால் பழைய கதையை விரிவாகச் சொல்கிறேன், இன்றைய வழக்கு வாய்தாவையெல்லாம் வக்கீல்களிடம் விட்டுவிடுகிறேன்.

முதலில் டிரைவர் சொன்னது. பெரும்பாலும் சரி. 1870-ஐ ஒட்டித் தொடங்கி, இருபதாம் நூற்றாண்டுக்குள்ளும் நெடுநாள், வருஷத்தில் சில மாதங்கள் சென்னை மாகாண அரசாங்கம் ஊட்டியில்தான் நடந்தது. ஆனால் அது நடந்த கட்டடம் நீங்கள் வெளியில் நின்று பார்த்த ராஜ்பவன் இல்லை. அங்கே கவர்னர் குடியிருந்தார், விருந்து வைத்தார், ஆட்களைப் பார்த்தார். அரசாங்கம் உட்கார்ந்தது ஸ்டோன்ஹவுஸில். இன்றைக்கு அது அரசு கலைக் கல்லூரி இருக்கும் குன்று. ஊட்டிக்கு வருகிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அந்தப் பக்கம் போவதே இல்லை.

ஏன் ஸ்டோன்ஹவுஸ் என்று புரிய வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். சென்னைக் கவர்னர் பதவி ராஜா மாதிரி தனியாளாக உத்தரவு போடும் பதவியாகத் தொடங்கவில்லை. 1639-இல் நிலம் வாங்கிக் கோட்டை கட்டிய கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் வியாபாரிகள். அவர்களுக்குத் தலைவர் ஒருவர், கூடவே ஒரு கவுன்சில், பெரும்பான்மை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் முடிவு. தலைவரும் அந்தக் கவுன்சிலில் ஓர் ஓட்டுதான் என்கிற அளவுக்கு இருந்தது. இது எவ்வளவு தூரம் போனது என்றால், 1776-இல் தஞ்சாவூர் ராஜாவுக்கு நாட்டைத் திருப்பிக் கொடுக்கும் விஷயத்தில் தகராறு முற்றி, கவுன்சில் உறுப்பினர்கள் கவர்னர் பிகட் பிரபுவையே கைது செய்து காவலில் வைத்துவிட்டார்கள். அடுத்த வருஷம் அவர் காவலிலேயே செத்துப்போனார். கவர்னரைக் கவுன்சில் கைது செய்த கதை எங்கள் வகுப்பில் யாருக்கும் மறக்காது, மற்ற தேதிகளெல்லாம் தேர்வு முடிந்த மறுநாளே காற்றில் போய்விடும். 1793-இல்தான் சென்னை, பம்பாய் கவர்னர்களுக்குக் கவுன்சிலின் முடிவை மீறும் உரிமையைப் பார்லிமென்ட் கொடுத்தது. அப்போதும் வழக்கமான காரியங்கள் எல்லாம் கவுன்சிலோடு கூடித்தான் நடக்க வேண்டும். உத்தரவுகள் 'கவுன்சிலில் உள்ள கவர்னர்' பெயரில்தான் போகும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மலைக்கு அரசாங்கமே மூட்டை முடிச்சோடு ஏறியதற்குக் காரணம் இதுதான்.

மலைக்கு வருவோம். 1819-இல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் ஏறி வந்தார், முதலில் கோத்தகிரிப் பக்கம் வீடு கட்டினார், அப்புறம் 1822 வாக்கில் ஊட்டியில் கல் வீடு ஒன்றைத் தொடங்கினார். உள்ளூர்க்காரர்கள் 'கல் பங்களா' என்றார்கள், அதுவே ஸ்டோன்ஹவுஸ். ராஜ்பவனைக் கட்டியவர் சல்லிவன் என்று சில கைடுகள் சொல்வது தவறு; அவர் கட்டியது இது. 1826-இல் கவர்னர் தாமஸ் மன்றோ வந்து சல்லிவனோடு தங்கிப் பார்த்துவிட்டுப் போனார். மறு வருஷமே மன்றோ சமவெளியில் பத்திகொண்டாவில் காலராவில் இறந்தார். அந்தக் காலத்து வெள்ளைக்காரர்களுக்கு மலைமேல் இருந்த மோகத்தை வெறும் சுகபோகம் என்று தள்ளிவிட முடியாது. காலராவும் காய்ச்சலும் அவர்களைக் கொத்துக் கொத்தாகக் கொண்டுபோய்க்கொண்டிருந்தன. மன்றோவுக்குப் பின் வந்த லஷிங்டன்தான் ஊட்டியைத் தன் பிள்ளையாகவே எடுத்துக்கொண்டவர். உடம்பு தேற வருகிறவர்களுக்கான இடமாக இதை ஆக்கினார், 1829-இல் செயின்ட் ஸ்டீபன்ஸ் தேவாலயத்துக்கு அடிக்கல் வைத்தார். அந்தக் கோயிலின் உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் அரண்மனையிலிருந்து வந்தவை என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள், அது கட்டுக்கதை இல்லை.

ஆனால் லஷிங்டன் காலத்திலேயே ஒரு சண்டையும் வந்தது. மலையின் பழங்குடிகளான தோடர்களுக்கு நிலத்தின்மேல் உரிமை உண்டு, எடுத்தால் ஈடு கொடுக்க வேண்டும் என்று சல்லிவன் வாதாடினார். கவர்னர் அந்தப் பக்கம் இல்லை. 1830-இல் மலையின் மேற்குப் பகுதியைக் கோயம்புத்தூரிலிருந்து பிரித்து மலபாரோடு சேர்த்துவிட்டார்கள், 1843-இல்தான் திரும்பி வந்தது. சல்லிவனின் கைக்கு ஊட்டி எட்டாமல் போனது இப்படித்தான். கவர்னர் ஒருவர் ஓர் ஊரை விரும்பினால் அந்த ஊருக்கு நல்லதுதான் நடக்கும் என்று நினைக்கிறவர்கள் இந்த இடத்தைக் கவனிக்கலாம்.

இன்னொரு கதையும் அடிக்கடி காதில் விழும், ஊட்டி ஒரு காலத்தில் இந்தியாவுக்கே தலைநகரம் என்று. இதில் பாதிதான் உண்மை. 1834-இல் கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் பிரபு உடல்நலம் தேற ஊட்டியில் இருந்தார். அப்போதுதான் புதிய சாசனச் சட்டப்படி அமைந்த இந்திய கவுன்சிலைக் கூட்ட வேண்டியிருந்தது, அதை இங்கேயே கூட்டினார். அதற்காக அந்தக் கவுன்சிலின் புதிய சட்ட உறுப்பினர் மெக்காலே சென்னையில் இறங்கியதும் பல்லக்கில் ஊட்டிக்குத் தூக்கிக்கொண்டு வரப்பட்டார். பெண்டிங்க் இருந்த வீடு இன்றைய ஊட்டி கிளப். இவ்வளவு உறுதி. ஆனால் சில மாதக் கூட்டத்தை வைத்துத் தலைநகரம் என்றால் அது ஊர்ப்பெருமை, வரலாறு இல்லை. (இந்தப் பெண்டிங்க்தான் முன்னே சென்னைக் கவர்னராக இருந்து, 1806 வேலூர் புரட்சிக்குப் பிறகு திருப்பி அழைக்கப்பட்டவர்.)

இதற்குப் பிறகு ஒரு முப்பது நாற்பது வருஷம் இழுபறி. கவர்னர்கள் வெயில் காலத்தில் மலைக்கு வந்துவிடுவார்கள், கவுன்சில் உறுப்பினர்களும் செயலாளர்களும் கோப்புகளும் கோட்டையில் கிடக்கும். எல்பின்ஸ்டன் பிரபு 1837 முதல் 1842 வரை கவர்னர். கேத்தியில் ஒரு வீட்டைப் பிடித்துப் பணத்தை வாரி இறைத்து அலங்கரித்தார். கேத்திப் பள்ளத்தாக்கைப் பார்த்தவர்களுக்கு அவர்மேல் கோபம் வராது. ஆனால் அரசாங்கம் இரண்டாக வெட்டுப்பட்டுக் கிடந்தது. சட்டப்படி கவுன்சில் இல்லாமல் கவர்னரால் பாதிக் காரியம் செய்ய முடியாது. இன்னொன்று, சென்னைக்கும் பம்பாய்க்கும் வந்த கவர்னர்களில் பெரும்பாலோர் இங்கிலாந்தின் பிரபுக்கள், கட்சி அரசியல்வாதிகள். பஞ்சாபிலும் வங்காளத்திலும் இருந்த லெப்டினன்ட் கவர்னர்கள் மாதிரி கலெக்டர் வேலை பார்த்து மேலே வந்தவர்கள் இல்லை. அவர்களுக்குக் கூடுதல் மரியாதை உண்டு, வைஸ்ராயைத் தாண்டி லண்டனுக்கு நேரே கடிதம் எழுதும் உரிமை உண்டு, ஆனால் ஜமாபந்தி என்றால் என்னவென்று செயலாளர்தான் சொல்ல வேண்டும். ஆக கவர்னர் எங்கேயோ அங்கே கவுன்சில், கவுன்சில் எங்கேயோ அங்கே செயலாளர், செயலாளர் எங்கேயோ அங்கே குமாஸ்தா.

நேப்பியர் பிரபு காலத்தில், 1870-ஐ ஒட்டி, இதை ஒழுங்குபடுத்தினார்கள். ஸ்டோன்ஹவுஸை அரசாங்கத்துக்கு எடுத்து, கவுன்சில் அறையும் தலைமைச் செயலக அலுவலகங்களும் அங்கே வந்தன. கோடை தொடங்கும்போது ஏறி, மழை ஓய்கிற சமயத்தில் இறங்குவது. ஏறக்குறைய வருஷத்தில் பாதி. உயர் நீதிமன்றம் சென்னையிலேயே இருந்தது. மேட்டுப்பாளையத்துக்கு ரயில் வந்தது 1873-இல். மலை ரயில் குன்னூரை எட்டியது 1899-இல், ஊட்டியை எட்டியது 1908-இல். அதாவது ஒரு தலைமுறை முழுக்கக் கோப்புப் பெட்டிகள் மேட்டுப்பாளையத்தில் இறங்கி, குன்னூர் காட் ரோட்டில் மாட்டு வண்டியில் ஏறின. துரைமார் டோங்கா என்னும் குதிரை வண்டியில் முன்னால் போய்விடுவார்கள். சென்னை வெயிலுக்கு வேட்டி கட்டிப் பழகிய குமாஸ்தா, ஆடி மாத மழையில், கம்பளியைச் சுற்றிக்கொண்டு ரெவின்யூ கடிதத்துக்கு நகல் எழுதும் காட்சியை யோசித்துப் பாருங்கள். அரசாங்கம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் அவர்தான்.

இப்போது நீங்கள் கேட்ட மாளிகை. அதுவரை கவர்னர்களுக்கு ஊட்டியில் நிலையான மாளிகை கிடையாது, கிடைத்த வீட்டில் இருந்துகொண்டார்கள். பக்கிங்ஹாம் டியூக் 1875-இல் கவர்னராக வந்தவர். 1848-இல் மெக்ஐவர் போட்ட தாவரவியல் பூங்காவுக்குப் பக்கத்து நிலத்தில் 1877-ஐ ஒட்டி வேலை தொடங்கியது. அந்த வருஷத்தைக் கவனியுங்கள். 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். சேலம், கோயம்புத்தூர், பெல்லாரிப் பக்கமெல்லாம் லட்சக்கணக்கில் ஜனங்கள் செத்தார்கள். நிவாரண வேலையில் மண் சுமந்தவனுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று வைஸ்ராயின் ஆளான டெம்பிள் குறைத்தபோது சென்னை அதிகாரிகளே எதிர்த்தார்கள். 1877-இல் வைஸ்ராய் லிட்டனே தெற்கே இறங்கி வந்து பஞ்ச வேலையை டியூக்கின் நேர்ப் பொறுப்பில் வைத்தார். சென்னைப் பக்கம் பக்கிங்ஹாம் கால்வாய் என்கிறோமே, அதன் ஒரு பகுதியும் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டதுதான், அவர் பெயரே அதற்கு வந்தது. இந்த மனிதர் கல்நெஞ்சக்காரர் என்று நான் சொல்ல மாட்டேன், லிட்டனோடு ஒப்பிட்டால் எவ்வளவோ மேல். ஆனாலும் கீழே அப்படி ஒரு பஞ்சம் நடக்கும்போது மேலே மாளிகைக்கு அஸ்திவாரம் தோண்டியதை எந்தக் கணக்கிலும் நியாயப்படுத்த முடியாது. மலைவாச அரசாங்கத்தைப் பின்னாளில் நம்மவர்கள் கண்டித்தபோது சொன்னதும் ஏறக்குறைய இதைத்தான்: ஆளுகிறவன் ஜனங்களின் வெயிலில் நிற்க வேண்டாமா?

மலைக்காற்று எல்லோரையும் காப்பாற்றவும் இல்லை. டியூக்குக்குப் பின் வந்த வில்லியம் பாட்ரிக் ஆடம், லிபரல் கட்சியின் கொறடாவாக இருந்தவர், 1880 டிசம்பரில் பதவி ஏற்று 1881 மே மாதம் ஊட்டியிலேயே இறந்துபோனார். ஏரிக்குப் பக்கத்து செயின்ட் தாமஸ் தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில் அவருடைய நினைவுச்சின்னம் உயரமாக நிற்கும், போனால் பாருங்கள். உடனே கவுன்சிலின் மூத்த உறுப்பினர் ஹட்டில்ஸ்டன் தற்காலிகக் கவர்னராகிவிட்டார், புதியவர் கிராண்ட் டஃப் நவம்பரில் வந்து சேரும் வரை. கவுன்சில் ஊட்டியில் இருந்ததால் ஒரு நாள்கூட அரசாங்கம் நின்றதாகச் சொல்ல முடியாது. இதே மாதிரி வைஸ்ராய் பதவி திடீரென்று காலியானால் சென்னைக் கவர்னர் போய்ப் பார்த்துக்கொள்வதும் உண்டு. 1863-இல் எல்ஜின் இறந்தபோது டெனிசன் போனார், 1872-இல் மேயோ அந்தமானில் கொல்லப்பட்டபோது நேப்பியர் போனார்.

மலைக்காரர்களுக்கு இதனால் என்ன ஆயிற்று என்று யாரும் கேட்பதில்லை, நானே சொல்லிவிடுகிறேன். 1868-இல் நீலகிரி தனிக் கமிஷனரின் கீழ் வந்தது. முதல் கமிஷனர் பிரீக்ஸ், கவர்னர் டெனிசனின் மருமகன். 1882-இல் கலெக்டர் வந்தார், முழு ஜில்லா ஆனது. இவ்வளவு சின்ன மலைக்குத் தனி ஜில்லா கிடைத்ததில் அரசாங்கம் இங்கே வந்து உட்கார்ந்ததற்கும் பங்கு உண்டு என்பது என் கணிப்பு, ஆவணம் காட்டச் சொன்னால் ஒரே தாளில் காட்ட முடியாது. படகர்களுக்கு உருளைக்கிழங்கு, கோஸ், காரட் விற்க ஒரு சந்தை கிடைத்தது. தோடர்களுக்கு மேய்ச்சல் போனது. ராஜ்பவனுக்கும் பூங்காவுக்கும் மேலே கார்டன் மந்து என்னும் தோடர் குடியிருப்பு இன்னும் இருக்கிறது, அவர்கள் மந்தைச் சுற்றித்தான் இத்தனையும் எழும்பியது. பைக்காரா ரோட்டில் 'ஷூட்டிங் ஸ்பாட்' என்று இறங்கிப் படம் எடுக்கிறீர்களே, அந்தப் புல்மேடுகளுக்கு வென்லாக் டவுன்ஸ் என்று பெயர். வென்லாக் 1891 முதல் 1896 வரை கவர்னர். பக்கத்துப் பழனி மலையில் கொடைக்கானலைப் பாருங்கள், அதை வளர்த்தவர்கள் அமெரிக்க மிஷனரிகளும் மதுரைக் கலெக்டர்களும். அங்கே அரசாங்கம் ஏறி உட்காரவில்லை, ஜில்லாத் தலைநகரும் ஆகவில்லை.

சரி, அதிகாரம் எப்போது கைமாறியது? ஒரே நாளில் இல்லை. 1919 சட்டப்படி இரட்டை ஆட்சி வந்தது. கல்வி, சுகாதாரம், உள்ளாட்சி போன்றவை தேர்தலில் வந்த அமைச்சர்களிடம். நிதி, போலீஸ், நிலவரி, பாசனம் கவர்னரும் அவரது நிர்வாகக் கவுன்சிலும் வைத்துக்கொண்டார்கள். நீதிக்கட்சி அமைச்சர்கள் ஒரு பக்கம், சர் சி.பி.ராமசாமி ஐயர் மாதிரி கவுன்சில் உறுப்பினர்கள் இன்னொரு பக்கம். பைக்காரா மின் திட்டத்துக்குப் பிடிவாதமாக நின்றவர்களில் சி.பி. ஒருவர், 1932-இல் அங்கே மின்சாரம் வந்தது. 1934-இல் சர் முகமது உஸ்மான் சில மாதம் தற்காலிகக் கவர்னராக இருந்தார், இந்தியர் ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. 1935 சட்டம் மாகாணத்தை முழுக்க அமைச்சரவையிடம் கொடுத்தது, ஆனால் கவர்னருக்குத் தனிப் பொறுப்புகள் என்று ஒரு கொக்கியும் போட்டது. அந்தக் கொக்கியைப் பயன்படுத்த மாட்டோம் என்று உறுதி தந்தால்தான் பதவி ஏற்போம் என்று காங்கிரஸ் சில மாதம் பிடிவாதமாக நின்றது. 1937 ஜூலையில்தான் ராஜாஜி பதவி ஏற்றார். 1939 அக்டோபரில் ராஜினாமா. அதற்குப் பின் 1946 வரை சட்டத்தின் 93-ஆம் பிரிவுப்படி அமைச்சர்களே இல்லாமல் ஆலோசகர்களை வைத்துக்கொண்டு கவர்னரே ஆண்டார். பழைய அதிகாரம் இங்கே கடைசி முறையாக முழுசாகத் திரும்பி வந்தது என்று சொல்லலாம்.

சுதந்திரத்துக்குப் பிறகு 1948-இல் பாவ்நகர் மகாராஜா கிருஷ்ணகுமார்சிங் வந்தார். கடைசி வெள்ளைக்காரக் கவர்னர் நை போனார். செயலகம் முழுதாகச் சென்னையில் நிலைத்தது. ஸ்டோன்ஹவுஸ் குன்றுக்கு 1955-இல் கல்லூரி வந்தது. ராஜ்பவன் மட்டும் ராஜ்பவனாகவே இருந்தது, மலர்க் கண்காட்சி சமயத்தில் ஆளுநர் வந்து தங்குவார், எப்போதாவது கூட்டம் நடக்கும். 2022 ஏப்ரலில் துணைவேந்தர்கள் மாநாடு அங்கே நடந்தபோது, அதே நாள் சென்னையில் சட்டமன்றம் துணைவேந்தர் நியமனத்தை அரசுக்கு மாற்றும் மசோதாவை நிறைவேற்றியது உங்களுக்கு நினைவிருக்கலாம். அதில் யார் பக்கம் நியாயம் என்பதற்குள் நான் போகவில்லை. ஆனால் மாநாட்டை மலையில் வைத்தாலும் சட்டம் கோட்டையில்தான் பிறந்தது. 1870-இல் இரண்டும் ஒரே குன்றில் நடந்திருக்கும்.

கையெழுத்து செல்லுமா என்ற கேள்விக்கு: செல்லும். அரசியல் சட்டத்தின் 154-ஆம் பிரிவு மாநிலத்தின் நிர்வாக அதிகாரத்தை ஆளுநரிடம் வைக்கிறது, எந்த ஊரில் இருக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. 163-ஆம் பிரிவுப்படி அமைச்சரவையின் ஆலோசனையில் அவர் நடக்க வேண்டும், அந்த ஆலோசனை சென்னையிலிருந்து மலைக்குப் போய்ச் சேர்ந்தால் போதும். குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தால், உதாரணமாக 1988 ஜனவரி முதல் 1989 ஜனவரி வரை, நிலைமை கொஞ்சம் மாறும், அப்போது ஆளுநர் டெல்லியின் சார்பில் நிர்வாகம் செய்கிறார். வாடகையைப் பற்றியும் யாராவது கேட்பார்கள்: 158-ஆம் பிரிவு ஆளுநர் தமது அதிகாரபூர்வ இல்லங்களை வாடகையில்லாமல் பயன்படுத்தலாம் என்கிறது. இல்லங்கள் என்று பன்மையில்தான் இருக்கிறது, அதனால் கிண்டி, ஊட்டி இரண்டுக்கும் இடம் உண்டு.